மூச்சு விடாத ஆல்டோ

ஜாஸ்லின் நின்ற இடத்தில் கீபோர்டு நின்றது.

பக்கவாசலில் செருப்பைக் கழற்றும்போதே ரெஜின் அதைப் பார்த்துவிட்டான். பலிபீடத்துக்கு இடப்புறம், இரண்டாம் படி, தூணை ஒட்டிய இடம். ஆகஸ்டில் அவளை அடக்கம் செய்த நாளிலிருந்து அங்கே யாரும் நிற்கவில்லை. அந்தப் பாடகர் குழுவில் அப்படி ஒரு வழக்கம். ஒருவர் இறந்துபோனால் அடுத்த ஈஸ்டர் வரை அவர் நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்கமாட்டார். பக்கத்தில் நிற்பவரும் நகர்ந்து அதை அடைக்கமாட்டார். வரிசை பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். சபையாரும் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்வார்கள்.

இப்போது அந்த இடத்தில் இரும்பு ஸ்டாண்டு. அதன்மேல் கறுப்பாகப் புதுக் கீபோர்டு. அதிலிருந்து தூணில் இருந்த ப்ளக் பாயிண்டுக்கு ஒரு வயர்.

"யாரு வெச்சது இத?"

குழுவின் மாஸ்டர் கிளாட்சன் வயரைத் தரையோடு சேர்த்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "நான்தான். வேற எங்க வெக்கிறது? இந்தப் பக்கம் இருக்கறது ஒரே ப்ளக் பாயிண்டு."

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தஞ்சாவூர்ல விக்கலியா?"

"மச்சான், வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத. கிறிஸ்மஸ் வந்தாச்சு. ஆல்டோன்னு சொல்லிக்க ஒரு பொண்ணு கிடையாது. நான் என்ன பண்ணுவேன்?"

"ஆள் தேடு. அது அவ இடம்."

"தெரியும்டா. அவ இருந்தா நான் வெப்பேனா?"

ரெஜினுக்கு அவனை அறையலாம் போலிருந்தது. கை தூக்கும் அளவுக்கு உடம்பில் ஏதும் இல்லை. நாலு மாதமாகவே அப்படித்தான். கோபம் மட்டும் வேளாவேளைக்கு வந்தது, பசி மாதிரி. மற்றது எதுவும் வரவில்லை.

இருவரும் கல்லூரியில் ஒரே இயற்பியல் வகுப்பு. பழைய மாஸ்டர் ரெத்தினம் மகனோடு இருக்க ஆஸ்திரேலியா போனபின் குழு கிளாட்சன் கைக்கு வந்தது. அவன் சொன்னதில் பொய் இல்லை. பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடிய சபைப் பெண்களில் ஒருத்தி மஸ்கட்டில் நர்ஸ். ஒருத்தி பெங்களூரில் கால் சென்டர். ஒருத்தி கல்யாணமாகி சிங்கப்பூர். ஜாஸ்லின் ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டத்தில்.

"முதல்ல கேளு. கேட்டுட்டுத் திட்டு," என்றான் கிளாட்சன். ஸ்விட்சைப் போட்டு, இரண்டு கையாலும் கட்டைகளை அழுத்தினான்.

"ஆ" என்று ஒரு கூட்டம் பாடியது.

ஆண்களின் மேல்குரலான டெனர் பாடும் செல்லதுரை வாயைப் பிளந்தார். அவர் கலெக்டர் ஆபீசில் வேலை, குழுவிலேயே பெரிய வாய். "அடேயப்பா! லீவு கேக்காது, லேட்டா வராது, ப்ராக்டிஸ் முடிஞ்சு காபி எங்கன்னும் கேக்காது. கிளாட்சா, அடுத்து டெனருக்கும் ஒண்ணு வாங்கிரு, நான் வீட்டுல தூங்குவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ரெஜின் சிரிக்கவில்லை. அந்த "ஆ" அவனுக்குத் தெரிந்த "ஆ". அகலமாகத் திறந்த ஆ அல்ல. சூடான டீயை ஊதுவதற்கு வாயைக் குவிப்பதுபோல் உதட்டைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து பாடும் ஆ. ரெத்தினம் மாஸ்டர் இந்தக் குழுவுக்குப் பழக்கியது. வேறு எந்த ஊர்க் குழுவும் அப்படிப் பாடி அவன் கேட்டதில்லை.

"இந்த சவுண்டு எங்க கிடைச்சுது?"

"மெட்ராஸ்ல ஒரு ஃப்ரெண்டு. பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தான். 'மெட்ராஸ் கொயர்'னு பேரு. வெளிநாட்டுலயெல்லாம் ஓடுதாம் மச்சான். ஆம்பளக் குரல் தனி, பொம்பளக் குரல் தனி. நான் பொம்பளக் குரல மட்டும் ஆல்டோவுக்கு எடுத்துக்கறேன்."

"அது நாங்கடா," என்றான் ரெஜின்.

யாருக்கும் புரியவில்லை.

"அது நானும் ஜாஸ்லினும். நாங்க பாடினது."

*

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தஞ்சாவூருக்குப் படிக்க வந்தபோது ரெஜினுக்குக் கனத்த குரல் இருந்தது, வேறொன்றும் தெரியாது. கேள்வி ஞானத்தில் கீர்த்தனை பாடுவான். ஞாயிறு ஆராதனை முடிந்து ஒருநாள் ரெத்தினம் மாஸ்டர் அவனைப் பிடித்து இரண்டாம் படியில் ஆல்டோக்களுக்குப் பக்கத்தில், ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் வரிசையின் ஓரத்தில் நிறுத்தினார். கையில் டோ ரே மீ எழுதிய தாள். அவன் வெறுமனே வாயசைத்தான். பக்கத்தில் நின்ற பெண் முன்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தாள தலைகீழா புடிச்சிருக்கீங்க."

அதுதான் ஜாஸ்லின். பள்ளிக்கூடத்திலிருந்தே ஆல்டோ. அவளுக்குப் பொறுமை கிடையாது. பயிற்சி முடிந்து எல்லாரும் போனபிறகு அவனை நிறுத்திவைத்து ஒவ்வொரு வரியாகப் பாடவைப்பாள். சத்தமாகப் பாடினால் திட்டுவாள். "யாருக்குக் கேக்கணும்னு கத்துறீங்க? பக்கத்துல நான் பாடறது உங்களுக்குக் கேக்குதா? கேக்கலன்னா நீங்க அதிகம்." அவன் குறைப்பான். "இப்ப?" "கேக்குது." "அவ்வளவுதான் பாட்டு. போய் டீ குடிங்க."

மூச்சும் அவள்தான் பழக்கினாள். சிறிய குழு அது. நீளமான ஸ்வரம் வந்தால் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு விடக்கூடாது, சத்தம் பொத்தென்று விழுந்துவிடும். அதனால் பக்கத்துப் பக்கத்து ஆட்களை ஜோடி சேர்த்திருந்தார்கள். ஒருவர் மூச்சு விடும்போது மற்றவர் தாங்கவேண்டும். ரெஜினின் ஜோடி ஜாஸ்லின். அவள் தோள் லேசாக ஏறினால் அவன் தாங்குவான். தோள் இறங்கியபின் அவன் விடுவான். நாளடைவில் தோளைப் பார்க்கவேண்டியிருக்கவில்லை. அவள் எங்கே மூச்சு விடுவாள் என்பது அவனுக்கு மனப்பாடம். அவன் மூச்சு விடக்கூடாத இடங்கள் அவை.

கல்யாணத்துக்குப் பின் சென்னை போனார்கள். ஒரு பெரிய சபையின் குழுவில் இருவரையும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து சினிமாப் பாட்டுக்குக் கோரஸ். கண்ணாடி அறை, நாலு பேருக்கு ஒரு மைக். ஹெட்போனை ஒரு காதில் மாட்டி மற்ற காதைப் பக்கத்து ஆளுக்கு விட்டுவைப்பார்கள். கோரஸுக்கு ஆட்களை அழைத்துவருபவன் சொல்வான்: "தஞ்சாவூர் ஜோடி சூப்பர். இருக்கீங்களா இல்லையான்னே தெரியல." அதைவிடப் பெரிய பாராட்டு அந்தத் தொழிலில் இல்லை. பெயர் எதிலும் வராது. படம் வந்ததும் தியேட்டருக்குப் போய்ப் பார்ப்பார்கள். கதாநாயகி மழையில் ஓடுவாள். ஜாஸ்லின் காதில் கிசுகிசுப்பாள்: "பின்னாடி கேக்குதுல்ல, அந்த மழை நாமதான்."

பிறகு ஒரு பிற்பகல், ஒரு ஸ்டூடியோவில் பாட்டு தள்ளிப்போனது. வந்த எட்டுப் பேரையும் இன்ஜினியர் நிறுத்தினான். "சும்மா ஒரு டெஸ்ட். மைக் செக் பண்ணிக்கறேன். ஒவ்வொரு ஸ்வரமா 'ஆ'ன்னு நீட்டிப் பாடுங்க." மைக் செக் பண்ண இவ்வளவா என்று யாருக்கும் தோன்றவில்லை. நீட்டச் சொன்னால் நீட்டுகிறவர்கள் அவர்கள். மேலிருந்து கீழே, கட்டை கட்டையாக, பொழுது சாயும்வரை பாடினார்கள்.

பெண்களின் கடைசிக் கட்டை கீழ் ஜி. மேல்குரல் பாடும் சோப்ரானோக்களுக்கு எட்டாது. இன்னொரு ஆல்டோ பிரின்ஸிக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. "நீங்க மட்டும் பாடிருங்க மேடம்," என்றான் இன்ஜினியர்.

ஜாஸ்லினுக்குத் தனியாகப் பாட வரவில்லை. பக்கத்தைப் பார்த்தாள். யாரும் இல்லை. அவளுக்கு அது அப்படியொரு குழப்பம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரெஜின் வந்து நின்றான், மூச்சை இழுத்துக் காட்டினான். அவனைப் பார்த்துக்கொண்டே அவள் ஆரம்பித்தாள். முடித்துவிட்டு, "சாரி சார், மூச்சு விட்டது கேட்டுருச்சு," என்றாள்.

"அதப் பத்திக் கவலப்படாதீங்க மேடம். மூச்செல்லாம் வெட்டித் தூக்கிருவேன்."

*

"சரி மாப்ள, இதுல எது உன் சம்சாரம்?" என்றார் செல்லதுரை. கேலியாகக் கேட்கவில்லை. அவர் எதைக் கேட்டாலும் அப்படித்தான் இருக்கும்.

கிளாட்சன் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினான். எல்லாவற்றிலும் ஒரே வழவழப்பான பெண் குரல். நாலு பேர் கலந்து ஒருத்தியாக ஆன குரல். ரெஜின் குனிந்து கேட்டான். இதுவா? இல்லை. அதுவா? தெரியவில்லை. அவள் அவ்வளவு நன்றாகக் கற்றிருந்தாள். தாலி கட்டியவனே தேடியும் கிடைக்காத அளவுக்குக் கூட்டத்தில் கரையக் கற்றிருந்தாள். அந்தக் கல்வி மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது. வீட்டில் அவள் தனியாகப் பாடிய ஒரு கேசட் கிடையாது. கல்யாண சிடியில்கூட அவள் குழுவோடுதான் பாடுகிறாள்.

"கடைசிக் கட்டைய அழுத்து," என்றான்.

கிளாட்சன் அழுத்தினான்.

ஒரு பெண். தனியாக. கொஞ்சம் பயந்து, பயத்தை மறைக்க உதட்டைக் குவித்துக்கொண்டு. கீழ் ஜி.

அங்கிருந்த எல்லாருக்கும் அவளைத் தெரியும். அவளோடு நின்று பாடியவர்கள். செல்லதுரை மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

கிளாட்சன் விரலை எடுக்கவில்லை. மறந்துவிட்டான். குரல் போய்க்கொண்டே இருந்தது. அவள் மூச்சு விடும் இடம் வந்தது. ரெஜின் தன்னையறியாமல் தாங்குவதற்குத் தயாரானான். அவள் விடவில்லை. அந்த இடம் கடந்து போனது. அடுத்த இடமும் வந்து போனது. யாரோ அவளைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

"எடுடா கைய!"

கிளாட்சன் திடுக்கிட்டு எடுத்தான். ரெஜின் சத்தம் கூரையில் பட்டுத் திரும்பியது.

"ரெண்டு விஷயம். இந்தப் பொட்டிய இங்கேருந்து நகத்து. அந்தக் கட்டையத் தொடாத. மத்தத என்ன வேணாலும் பண்ணிக்க."

கிளாட்சனின் முகம் ஒரு மாதிரி ஆனது. "மச்சான், கடைசிப் பக்கத்தையே அந்த ஜியை வெச்சுத்தான் எழுதியிருக்கேன்."

எழுதியிருந்தான். கிறிஸ்மஸ் விடியற்காலை ஆராதனைக்கு அவனே இசையமைத்த வேதாகமச் சங்கீதம். கடைசிப் பக்கம் முழுக்க ஒரே ஆமென். சோப்ரானோ, டெனர், பேஸ் மூன்றும் ஏறி இறங்கும். ஆல்டோ மட்டும் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கீழ் ஜியில் "ஆ"வைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ரெஜின் தாளைப் பார்த்தான். மூச்சுக்கு எங்கும் இடமில்லை. மனுஷ ஜென்மம் பாடக்கூடிய பாகமில்லை அது. இயந்திரத்துக்கென்றே எழுதியது.

"நீ எழுதும்போது அது அவன்னு உனக்குத் தெரியாது. இப்பத் தெரியும்ல?"

"தெரிஞ்சதுக்கு அப்புறம் இன்னும் நல்லாருக்குன்னு தோணுதுடா. சத்தியமா சொல்றேன். அவளே பாடற மாதிரி."

"அவ மூச்சு விடுவாடா, முட்டாளே," என்று சொல்லிவிட்டு ரெஜின் வெளியே வந்தான்.

*

சென்னையை விட்டு வந்தபின் அவனுக்குச் செல்போன் டவர் கம்பெனியில் வேலை. ஒரத்தநாட்டிலிருந்து திருவாரூர் வரை வயலுக்கு நடுவே நிற்கும் டவர்களைச் சுற்றிவரவேண்டும். கரண்ட் போகிற நேரமெல்லாம் ஜெனரேட்டர் ஓடுகிறதா, டீசல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்த வருஷம் கரண்ட் இருந்த நேரத்தை விரல்விட்டு எண்ணலாம். மார்கழிக் குளிரில் சம்பா கதிர் பிடித்து நின்றது. அவன் எதையும் பார்க்கவில்லை. டீசல் கொண்டுவந்த பையனைத் திட்டினான். வரப்பில் வழி விடாத ஆட்டுக்காரரைத் திட்டினான். போனில் அம்மாவைத் திட்டினான். திட்டி முடித்ததும் மறுபடி ஒன்றுமில்லாமல் ஆகிவிடும்.

ஜாஸ்லினுக்கு மஞ்சள் காமாலை. வயிற்றில் ஐந்து மாதம். சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா வீட்டுக்கு வந்தவள். இங்கே ஞாயிறு தவறாமல் தன் இடத்தில் நின்று பாடினாள். கண் மஞ்சளானதைக் குழுவில்தான் முதலில் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஒரு வாரம்கூட இல்லை.

அடுத்த பயிற்சிக்குப் போகக்கூடாது என்று நினைத்தான். போனான். பேஸ் பாட அவனை விட்டால் ஒருவர்தான், அவருக்கும் ஸ்வரம் நிற்காது. போகாவிட்டால் அந்தக் கட்டை அழுத்தப்படுவதை நிறுத்தவும் ஆளில்லை.

கீபோர்டு அதே இடத்தில் இருந்தது.

பயிற்சி பாதியில் இருக்கும்போது அருள்மேரி வந்தார். ஜாஸ்லினின் அம்மா. கீழவாசலில் தையல் கடை வைத்திருக்கிறவர். குழுவின் வெள்ளை அங்கிகளை ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அவர்தான் பிரித்துத் தைப்பார். கையில் அங்கி மூட்டை, கழுத்தில் அளவு டேப். மூட்டையை முதல் பெஞ்சில் போட்டார்.

"என் பொண்ண இதுக்குள்ள வெச்சிருக்கீங்களாமே கிளாட்சன். செல்லதுரை சொன்னாரு. போடுங்க, கேப்போம்."

செல்லதுரை தரையைப் பார்த்தார்.

"அத்தை, வேணாம்," என்றான் ரெஜின்.

"உங்ககிட்ட கேக்கல மாப்ள."

கிளாட்சன் ரெஜினைப் பார்த்தான், அருள்மேரியைப் பார்த்தான், அழுத்தினான்.

அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. துணியின் இழை பார்க்கும்போது கண்ணைச் சுருக்குவாரே, அப்படிச் சுருக்கினார். குரல் நின்றதும், "இன்னொரு தரம்," என்றார். மறுபடி. "இன்னும் கொஞ்சம் நேரம் விடுங்க." மறுபடி. டேப்பின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இது எவ்வளவு நேரம் வரும் தம்பி?"

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் வரும் ஆன்ட்டி. கரண்ட் இருக்கிற வரைக்கும்."

"நிறுத்துடா!" ரெஜின் கிளாட்சனின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

அருள்மேரி அப்போதுதான் அவன் பக்கம் திரும்பினார். "நீங்க எத்தன வருஷம் கேட்டீங்க மாப்ள? நான் அவ பொறந்து அழுததுலேர்ந்து கேட்டவ. எங்கிட்ட அவ குரல் ஒண்ணும் இல்ல. ஒரு போட்டோவுல வாயத் தொறந்துக்கிட்டு நிக்கறா, அவ்வளவுதான். எனக்கு ஒண்ணு கிடைச்சா உங்களுக்கு ஏன் பொறுக்கல?"

"அது அவ இல்ல அத்தை. மூச்சையெல்லாம் வெட்டி எடுத்துட்டானுங்க. நான் அங்க நின்னேன். என் கண்ணு முன்னாடி சொன்னான்."

"அன்னிக்கு நடுவீட்டுல கிடத்தியிருந்தப்பவும்தான் மூச்சு இல்ல. நான் கட்டிப் பிடிக்கலையா?"

அன்று அவன் கட்டிப் பிடிக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

அருள்மேரி கிளாட்சனிடம் சொன்னார்: "கிறிஸ்மஸ் அன்னிக்கு நல்லா வாசிங்க. சபை முழுக்கக் கேக்கட்டும். எம் பொண்ணு பேரு எந்தப் படத்துலயும் வரல." பிறகு மூட்டையை அவிழ்த்து, "யாருக்கு அங்கி இடுப்புல பிடிக்குது? செல்லதுரை, நீங்க முதல்ல வாங்க, உங்களுக்கு ரெண்டு தையல் பிரிக்கணும்," என்றார்.

மறுநாள் டவர் பார்க்கப் போன வழியில் ரெஜின் கூத்தாநல்லூரில் வண்டியை நிறுத்தினான். தௌபீக்கின் எலக்ட்ரிக்கல் கடை. ஜெனரேட்டருக்கு ஃப்யூஸ் வாங்கும் கடை அது.

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு குடுங்க பாய். வயர் நீளமா."

"எவ்வளவு நீளம்ணே?"

"ஒரு தூணச் சுத்தி அந்தப் பக்கம் போகணும்."

அதை வண்டிப் பெட்டியில் போட்டான். யாருக்காக வாங்கினோம் என்று அவன் யோசிக்கவில்லை. கிளாட்சனிடம் கொடுக்கவும் இல்லை. இவ்வளவு நடந்தும் ஒருத்தனுக்கு அதை வாங்கத் தோன்றவில்லையே என்பதுதான் அவன் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது.

*

கிறிஸ்மஸ் விடியற்காலை. கோயில் நிரம்பி, வெளிப்பந்தலிலும் ஆட்கள். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவில் வந்தவர்கள் புதுச் சட்டை மடிப்புக் கலையாமல் கேமராவோடு நின்றார்கள். குழு வெள்ளை அங்கியில் இரண்டு படியாக நின்றது. ஜாஸ்லின் இடத்தில் கீபோர்டு. அதன் பின்னால் கிளாட்சன், வலது கையால் தாளம் காட்டியபடி. அவனுக்குப் பக்கத்தில் ரெஜின். மூன்றாவது பெஞ்சில் அருள்மேரி, மடியில் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் வைத்தபடி.

முதல் பக்கங்கள் நன்றாகவே போயின. கிளாட்சனுக்கு இசை தெரியும். அதை ரெஜின் ஒருநாளும் மறுத்ததில்லை.

கடைசிப் பக்கம். கிளாட்சனின் இடது சுண்டுவிரல் கடைசிக் கட்டையில் இறங்கியது.

ஆ.

அருள்மேரி கண்ணை மூடினார். சோப்ரானோ ஏறியது. செல்லதுரையின் டெனர் பின்னால் ஏறியது. அடுத்து பேஸ் இறங்கவேண்டும். ரெஜின் மூச்சை இழுத்தான். அவள் மூச்சு விடும் இடம் வந்தது. போனது. அவள் அவன் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தாள், எப்போதும் நின்ற அதே தூரத்தில், நீருக்குள் அழுந்தி.

ரெஜின் கையை நீட்டி கிளாட்சனின் சுண்டுவிரலைப் பிடித்துத் தூக்கினான்.

குரல் நின்றது. அது நிற்பதற்குள் அவன் அதே ஸ்வரத்தை எடுத்துவிட்டான். அவளுக்கு அடிமட்டம் அது, அவனுக்கு நடுக்குரல். உதட்டைக் குவித்தான். டீயை ஊதும் வாய். "ஆ." பேஸ் பாகம் அப்படியே அறுந்து விழுந்தது. இன்னொரு பேஸ் பாடுகிறவர் தனியாக மாட்டிக்கொண்டு இரண்டு ஸ்வரம் முனகி அடங்கினார். செல்லதுரை இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டவர் மாதிரி திரும்பிப் பார்த்துக்கொண்டே பாடினார். கிளாட்சன் பல்லைக் கடித்துக்கொண்டு தாளம் காட்டினான். சபை முன்னால் வேறென்ன செய்வான்?

அவள் மூச்சு விடும் இடம் வந்தது. வாழ்நாளில் அந்த இடத்தில் விடாத மூச்சை ரெஜின் விட்டான். தாங்குவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஸ்வரம் பொத்தென்று விழுந்தது. மூச்சு இழுக்கும் சத்தம் மைக்கில் பட்டுக் கோயில் முழுக்கக் கேட்டது. மறுபடி எடுத்தான். அடுத்த இடத்தில் மறுபடி விட்டான். கேமரா பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் அதை இறக்கிவிட்டு எட்டிப்பார்த்தார். அருள்மேரி கண்ணைத் திறந்திருந்தார். தூக்கத்தில் தட்டி எழுப்பியவனைப் பார்ப்பதுபோல் மருமகனைப் பார்த்தார்.

அவன் அவரைப் பார்த்தபடியே ஆமென்னை முடித்தான்.

*

"பேஸ் இல்லாத ஆமென். உலகத்துலயே முதல் தடவ," என்றான் கிளாட்சன். ஆராதனை முடிந்து சனம் வெளியே கேக் வாங்கிக்கொண்டிருந்தது. "ராத்திரி பகலா எழுதினேன்டா. என்னய நடுத்தெருவுல நிறுத்திட்ட. நீ இனிமே குழுவுக்கு வராத."

"சரி."

"பேஸுக்கு நான் எங்க போவேன்?"

"ஆள் தேடு."

பக்கவாசலில் அருள்மேரி நின்றிருந்தார். "உங்க மூச்சுச் சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு மாப்ள."

"கேக்கட்டும்."

"அவ இருந்திருந்தா உங்களக் கிழிச்சிருப்பா."

"கிழிச்சிருப்பா, அத்தை."

அவர் உள்ளே போனார். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டிக்கு வந்தான். சாவியைத் திருப்புவதற்குள் உள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது. கீழ் ஜி. அவரே போய் அழுத்திக்கொண்டிருந்தார். விட்டார். மறுபடி அழுத்தினார்.

ரெஜின் வண்டிப் பெட்டியைத் திறந்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துக்கொண்டு செருப்போடு கோயிலுக்குள் நடந்தான்.

"அத்தை, கைய எடுங்க."

"மாட்டேன். இதையும் புடுங்கப் போறீங்களா?"

அவன் குனிந்து ப்ளக்கை உருவினான். குரல் நடுவில் அறுந்தது. அருள்மேரி, "பாவி!" என்று கத்தி அவன் முதுகில் இரண்டு கையாலும் அடித்தார். பலமாகவே அடித்தார். தடுக்காமல் அவன் தரையில் ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்தான். ஸ்டாண்டைக் கீபோர்டோடு தூக்கப் பார்த்தான். தனியாளாகத் தூக்கக்கூடிய கனமில்லை. கிளாட்சன் ஓடிவந்து, என்ன செய்கிறான் என்று புரியாமலே மறுமுனையைப் பிடித்தான். இருவரும் அதைத் தூணைச் சுற்றிக் கொண்டுபோய் அந்தப் பக்கச் சுவரோரம் வைத்தார்கள். ரெஜின் எக்ஸ்டென்ஷன் வயரைத் தூணைச் சுற்றி இழுத்தான். நீளம் சரியாக இருந்தது. ஸ்விட்சைப் போட்டான். விளக்கு எரிந்தது.

ஒரு பெஞ்சை இழுத்து அதன் முன்னால் போட்டான்.

"இங்க உக்காந்து எவ்வளவு நேரம் வேணாலும் கேளுங்க," என்றான். அவன் குரல் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. "அவ இடத்துல வேணாம்."

அருள்மேரி மூச்சு வாங்க நின்றார். தலைமுடி கலைந்திருந்தது. இரண்டாம் படியில், தூணை ஒட்டிய இடத்தில் டேப் கிழிந்த தடம் மட்டும் இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எந்தக் கட்டை தம்பி? இடம் மாறினதுல மறந்துபோச்சு."

கிளாட்சன் காட்டினான்.

ரெஜின் வாசலைத் தாண்டும்போது குரல் ஆரம்பித்தது. அவன் திரும்பவில்லை. படி இறங்கி, வண்டியை உதைத்தான். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான்.